எங்கள் வளவுக்குள் வந்த பாட்டுகள்

மானிப்பாய்க்கும் நவாலிக்கும் நடுவில், கிடுகு வேலிகளுக்குள் ஒதுங்கிக் கிடந்த ஊர் எங்களது. எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வந்தபோது, சிறுபிள்ளை கையில் கொடுக்கத் தக்க புத்தகம் அங்கே எந்த வீட்டிலும் இலேசில் கிடைக்காது. பெரியம்மா வீட்டு விறாந்தையில் ஒரு பெட்டகம் இருந்தது. அதற்குள் பட்டுச் சேலைகளுக்கு அடியில், சணல் நூலால் தைத்து மட்டை போட்ட இரண்டு கட்டுகள். ஒன்று ‘அம்புலிமாமா’, மற்றது ஆர்வி ஆசிரியராயிருந்த ‘கண்ணன்’. இரண்டும் பெரியம்மாவின் பிள்ளைகள் வாசித்து வளர்ந்தவை. அவர்கள் பெரியவர்களாகிவிட்டார்கள். கட்டுகள் எங்கள் முறைக்கு வந்தன.

புதிதாக ஏன் வாங்கவில்லை என்று கேட்டதற்கு மாமா, “இப்ப உதெல்லாம் முந்தி மாதிரி வாறேல்லை மோனை” என்றார். 1970இல் வந்த அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. உள்ளூர் எழுத்தும் பதிப்பும் தலையெடுக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பெரியவர்களுக்கு அதனால் பலன் கிடைத்தது. வீரகேசரிப் பிரசுரங்களாக ஈழத்து நாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிள்ளைகளுக்கு அந்த வேகத்தில் எதுவும் வரவில்லை. ஆகவே சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனையே நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம். தோளில் பிணம், கையில் உருவிய வாள், சுற்றிவரச் சுடுகாடு. ஓரம் உக்கிய தாள்களை எச்சில் தொடாமல் புரட்ட வேண்டும் என்பது பெரியம்மாவின் கட்டளை.

அந்தக் கதைகளை நான் இன்றைக்கும் நேசிக்கிறேன். ஆனால் அவற்றில் வந்த ஊர்கள் எங்கள் ஊரைப் போல இருக்கவில்லை. அங்கே மாமரம் இருந்தது, ஆலமரம் இருந்தது, அரண்மனை இருந்தது, பனை இல்லை. எங்கள் வளவிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் பனை. புத்தகம் என்றால் அது வேறெங்கோ நடக்கும் காரியம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஏழு வயதுப் பிள்ளை அப்படித்தான் நினைக்கும். கண்ணெதிரில் இருக்கும் முற்றமும் கிணற்றடியும் எழுத்தில் ஏறக்கூடியவை என்று யாரும் அதற்குக் காட்டவில்லை.

காட்டியவர் எங்கள் இரண்டாம் வகுப்புப் பண்டிதர் ஐயா. வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, நெற்றியில் மூன்று குறி. ஆனி மாதக் கடைசி நாளொன்றில் வகுப்புக்குள் வந்தவர் பாடப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை. மேசையில் சாய்ந்து நின்று கேட்டார்.

“பிள்ளையள், நாளைக்கு ஆர் ஆர் வீட்டை கூழ்?”

“எங்கட வீட்டை ஐயா!” என்று வகுப்பே எழும்பியது.

பிறகு அவர் சோமசுந்தரப் புலவரின் ‘ஆடிப்பிறப்பு’ப் பாட்டைச் சொல்லித் தந்தார். புத்தகத்தைப் பார்க்கவில்லை. கையால் தாளம் போட்டு அடி அடியாகச் சொன்னார். நாங்கள் திருப்பிச் சொன்னோம். பள்ளி விடுமுறைச் செய்தியோடு தொடங்கித் தோழர்களைக் கூப்பிடும் பாட்டு அது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டு நேரே எங்கள் குசினிக்குள் நுழைந்துவிட்டது. பச்சரிசி இடிப்பது, பயறு வறுப்பது, தேங்காய் துருவுவது, பனங்கட்டி கரைப்பது, மாவுருண்டை பிடித்துக் கூழில் போடுவது, கொழுக்கட்டை அவிப்பது என்று அம்மாவும் பெரியம்மாவும் ஆச்சியும் முதல் நாள் இரவிலிருந்து செய்த வேலையெல்லாம் வரிசை தப்பாமல் வந்தது. நான் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஆச்சி செய்கிற வேலையைப் புலவர் ஒருவர் பாட்டாகக் கட்டியிருக்கிறார்!

மறுநாள் காலை, ஆடி முதலாம் திகதி, முற்றத்தில் நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். ஆச்சி பலாவிலையை அடிப்பக்கம் மடித்துக் கோலி, தென்னோலை ஈர்க்கை ஒடித்துக் குத்தி, ஆளுக்கொரு கரண்டி செய்து தந்தார். பழுத்த இலை கிழியும், தளிர் இலை சூட்டில் வாடிப்போகும், முற்றிய பச்சை இலைதான் சரி. கூழை அள்ளும்போது பலாவிலையின் பச்சை மணமும் பனங்கட்டியின் மணமும் ஒன்றாக மூக்கில் ஏறும். அந்த இலைக் கரண்டியும் பாட்டில் இருந்தது. நான் ஒரு வாய் குடிப்பதும் ஓர் அடி பாடுவதுமாக இருந்தேன். “பாட்டை நிப்பாட்டிப்போட்டுக் குடி பிள்ளை, ஆறப்போகுது” என்று அம்மா ஏசினார். அன்றைக்குத்தான் எனக்கும் எழுத்துக்கும் உறவு உண்டானது.

புலவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். நவாலியில் 1878இல் பிறந்து 1953இல் மறைந்தவர். வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர். ஊர் அவரைத் ‘தங்கத் தாத்தா’ என்றே சொன்னது. பக்தி இலக்கியமும் பிரபந்தங்களும் நிறையப் பாடியிருந்தாலும், பிள்ளைகளின் வாயில் நின்றவை அவருடைய சின்னப் பாட்டுகள்தான். ‘புழுக்கொடியல்’ என்று ஒரு பாட்டு, ‘தாடி அறுந்த வேடன்’ என்று ஒன்று, ‘கத்தரி வெருளி’ என்று ஒன்று. தோட்டத்துக்கு நடுவே நிற்கும் வெருளியை ஒரு காவற்காரனாகவே நினைத்துப் பிள்ளை பேசும் பாட்டு அது. எங்கள் சித்தப்பாவின் கத்தரித் தோட்டத்திலும் கரிச்சட்டித் தலையும் கிழிந்த சட்டையுமாக ஒருத்தர் நின்றார். பாட்டைப் படித்த பிறகு அந்த வழியால் போகும்போதெல்லாம் நான் அவரோடு கதைப்பேன்.

இந்தப் பாட்டுகள் எப்படிப் பிறந்தன என்பதைப் பிற்காலத்தில், நானே ஆசிரியையான பிறகு தேடி அறிந்தேன். ஈழத்தில் பிள்ளைகளுக்கான தமிழ் வாசிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், மிஷன் பள்ளிகளின் புத்தகங்களுக்கு ஈடாகப் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். தெளிந்த வசனத்தை மூன்று தலைமுறைக்குப் பழக்கிய புத்தகங்கள் அவை. ஆனால் அவற்றின் நோக்கம் அறிவுரை. நீதியும் ஒழுக்கமும் சமயமும் பிள்ளைக்கு ஊட்டப்பட்டன. பிள்ளை விளையாடுவதும் சிரிப்பதும் தின்பதும் அவற்றில் இடம் பெறவில்லை. அதற்கு இன்னும் எண்பது தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன. கல்வி அதிகாரி க. ச. அருணந்தியின் ஊக்கத்தால் ஆசிரியர்களிடையே குழந்தைப் பாட்டு எழுதும் முயற்சி கிளம்பியது. 1935இல் வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் ‘பிள்ளைப் பாட்டு’ என்ற தொகுதியை வெளியிட்டது. புலவரின் பாட்டுகள் அவர் மறைந்த பின் 1955இல் ‘சிறுவர் செந்தமிழ்’ என்ற நூலாகத் திரண்டு வந்தன.

பதிப்பாளர் ஒருவர் இலாபம் பார்த்து இதைத் தொடங்கவில்லை. அரசாங்கமும் திட்டம் போட்டு வளர்க்கவில்லை. காலையில் வகுப்பில் நின்ற ஆசிரியர்கள், தங்கள் எதிரில் இருந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பாட்டு இல்லையே என்று மாலையில் உட்கார்ந்து எழுதினார்கள். ‘குழந்தைமொழி’ தந்த வேலணை வித்துவான் வேந்தனார் பரமேசுவராக் கல்லூரி ஆசிரியர். அம்மாவைப் பற்றி அவர் எழுதிய பாட்டைச் சொல்லாமல் எங்கள் காலத்தில் யாரும் பாலர் வகுப்பைத் தாண்டவில்லை. தன் அம்மாவை நினைத்து அந்தப் பாட்டின் நடுவில் அழுதுவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 1969இல் ‘அம்பி பாடல்’ தந்த நாவற்குழி அம்பியும் ஆசிரியர்தான். எங்கள் சிறுவர் இலக்கியம் ஆசிரியர்களின் சம்பளத்திலும் ஓய்வு நேரத்திலும் வளர்ந்தது.

வகுப்புக்கு வெளியே எங்களுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று வானொலி. ‘சிறுவர் மலர்’ நிகழ்ச்சி வரும் நேரத்தில் அயல் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் விறாந்தைக்கு வந்துவிடுவார்கள். எங்களைப் போன்ற பிள்ளைகளே அதில் நடித்தார்கள், பாடினார்கள், கதை சொன்னார்கள். பிற்காலத்தில் உலகத் தமிழரெல்லாம் அறிந்த பி. எச். அப்துல் ஹமீதும் அந்த நிகழ்ச்சியில் பிள்ளையாகக் குரல் கொடுத்து வந்தவர்தான். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருக்கும் பிள்ளைகள் எப்படித் தமிழ் கதைக்கிறார்கள் என்பதை நான் அந்த வானொலியில்தான் கேட்டேன். அவர்கள் பேச்சு எங்கள் பேச்சைப் போல இல்லை. ஆனாலும் எல்லாம் விளங்கியது. அது எனக்குப் பெரிய சந்தோசம்.

மற்ற வாசல் சந்தியில் இருந்த வாசிகசாலை. ஓட்டுக் கூரை, நீட்டு வாங்குகள், சாய்ந்த மேசையில் விரித்த பத்திரிகைகள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்காக நாங்கள் வாசலில் காத்து நிற்போம். பெரியவர்கள் அரசியல் பக்கங்களை வாசித்து முடித்துத் தங்களுக்குள் வாதாடத் தொடங்கும்போதுதான் அந்தத் தாள் எங்கள் கைக்கு வரும். என் மச்சாள் ஒருத்தி காகத்தைப் பற்றி எட்டு அடியில் பாட்டெழுதித் தபாலில் போட்டாள். பல வாரம் கழித்து அது அச்சில் வந்தபோது, பெயருக்குக் கீழே எங்கள் ஊர்ப் பெயரும் இருந்தது. அன்று அந்தத் தாளை வாசிகசாலைப் பொறுப்பாளரே கத்தரித்து அவளிடம் கொடுத்தார். ஊரில் நாலைந்து பிள்ளைகள் அந்தக் கிழமையே கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்தார்கள். ஒரு பிள்ளையின் பெயர் அச்சில் வந்தால் ஒரு ஊரே எழுதத் தொடங்கும் என்பதை அப்போது கண்ணால் கண்டேன்.

வாசிகசாலையில் ‘வெற்றிமணி’யும் கிடைக்கும். குரும்பசிட்டியில் மு. க. சுப்பிரமணியம் 1950இல் தொடங்கிய சிறுவர் சஞ்சிகை அது. மெலிந்த தாள், சின்ன எழுத்து, படங்கள் குறைவு. படம் அச்சிட ஒவ்வொன்றுக்கும் பிளொக் செய்ய வேண்டும்; அதற்குப் பணம் வேண்டும். ஆகவே அச்சகங்களில் ஏற்கெனவே கிடந்த பிளொக்குகளையே எங்கள் பக்கத்துப் புத்தகங்களில் திரும்பத் திரும்பக் கண்டோம். ஒரே பசுமாடு ஒரு புத்தகத்தில் பால் தரும். இன்னொன்றில் மனுநீதிச் சோழனின் மணியை அடிக்கும். அதே நாட்டில் சிங்களப் பிள்ளைகளுக்கு சிபில் வெத்தசிங்கவின் படப் புத்தகங்கள் இருந்தன. அவருடைய ‘குட ஹொரா’ 1956இல் வந்தது. குடைகளைத் திருடும் குரங்கின் கதை. பக்கம் பக்கமாகக் கிராமமும் மரமும் மனிதர்களும் நிறைந்த அந்தப் புத்தகத்தைப் பெரியவளான பிறகு பார்த்தபோது எனக்குப் பொறாமை வரவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று கிடைத்திருக்க வேண்டும் என்ற ஏக்கம்தான் வந்தது.

சனிக்கிழமைகளில் மாமா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குக் கூட்டிப் போவார். 1933இல் கே. எம். செல்லப்பா என்ற மனிதர் தன் வீட்டுப் புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து முளைத்த நூலகம் அது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் அதற்கு ஆலோசனை தந்தவர். 1959இல் வெள்ளை மாளிகையாக எழும்பிய கட்டடத்தில் 1967இல் சிறுவர் பகுதி திறந்தார்கள். முன்னால் சரஸ்வதி சிலை. படியேறும்போதே மாமா குரலைத் தாழ்த்துவார், நானும் தாழ்த்துவேன். சிறுவர் பகுதி அலுமாரிகள் என் கைக்கு எட்டின. யாரையும் கேட்காமல் நானே எடுக்கலாம், நானே வைக்கலாம். அந்தச் சுதந்திரம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

அங்கேதான் அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ கிடைத்தது. மாஸ்கோவில் அச்சான சோவியத் புத்தகங்களும் அங்கேதான் கிடைத்தன. வழுவழுப்பான தாள், கெட்டி மட்டை, வண்ணப் படங்கள், அழகான தமிழ். பனிக்காட்டில் நடக்கும் கரடியையும் அடுப்படியில் ரொட்டி சுடும் கிழவியையும் மணிக்கணக்காகப் பார்த்தேன். ‘எங்கோ இருக்கிற நாடு தமிழ்ப் பிள்ளைகளுக்காக இவ்வளவு பாடுபட்டுப் புத்தகம் போட்டிருக்கிறதே!’ என்று அதிசயமாக இருந்தது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’வையும் பிறகு தமிழில் வாசித்தேன். கொக்கல வாவித் தீவுக்கு ஓடிப்போகும் இரண்டு பொடியன்களின் கதை. எங்கள் நெடுந்தீவும் எழுவைதீவும் கண்ணெதிரே கடலில் கிடக்க, அங்கே ஓடிப்போகும் பொடியன்களை யாரும் எழுதவில்லையே என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

1981 மே மாதக் கடைசி இரவில் அந்த நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் போயின. ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் அந்த நாட்களில்தான் எரிந்தது. அந்த அழிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஓலைச்சுவடிகளையும் பழைய நூல்களையும் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். அவற்றோடு என் கைக்கு எட்டிய அந்தச் சின்ன அலுமாரிகளும் எரிந்தன. பெரியவர்களின் அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறெங்காவது ஒரு பிரதி இருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று சிறு அச்சகங்களில் சில நூறு பிரதிகளே அடிக்கப்பட்ட மெல்லிய புத்தகங்களை யாரும் பாதுகாப்பதில்லை. பிள்ளைகள் வாசித்தே கிழித்துவிடுவார்கள். நூலகத்துப் பிரதி போனால் புத்தகமே போனதுதான்.

பிறகு நான் ஆசிரியையானேன், யுத்தமும் வந்தது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் இல்லை, தாள் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டுச் சில துளி எண்ணெயில் திரி எரிந்தது. பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. அந்தக் காலத்தில் என் வகுப்பில் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் இருக்கவில்லை. பண்டிதர் ஐயா செய்ததை நானும் செய்தேன். மனதில் இருந்த பாட்டுகளைத் தாளம் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். ஆடிப்பிறப்புப் பாட்டைச் சொன்ன நாளில் ஒரு சின்னப் பொடியன் எழும்பிக் கேட்டான்.

“ரீச்சர், பங்கருக்குப் பாட்டு இல்லையோ?”

இல்லை. அவன் தினமும் ஓடி ஒளியும் பதுங்குகுழியை, அவன் படிக்கும் ஜாம் போத்தல் விளக்கை, அவன் உயரத்துக்கு இறங்கி வந்து யாரும் பாடவில்லை. “நீங்களே எழுதுங்கோ” என்றேன். பழைய கணக்குக் கொப்பிகளின் எழுதாத பக்கங்களைக் கிழித்துக் கொடுத்தேன். பங்கருக்குள் தவளை இருப்பதைப் பற்றி, அம்மா அதற்குள்ளும் சோறு ஊட்டுவதைப் பற்றி, விளக்கின் கரி மூக்கில் படிவதைப் பற்றி எழுதினார்கள். சந்தம் சில இடங்களில் தட்டியது. உண்மை எங்கும் தட்டவில்லை. புலவர் கூழைப் பாடியதும் இந்தப் பிள்ளைகள் பங்கரைப் பாடியதும் எனக்கு ஒரே காரியமாகவே தெரிகிறது.

அதன் பின் நான் ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்லி வருகிறேன். நாட்டில் சிறுபான்மையாக இருக்கும் மொழிக்கு நாலு திசையிலிருந்தும் புத்தகம் வரலாம். கடலுக்கு அப்பால் பெரிய தமிழ்நாடு இருக்கிறது. அங்கிருந்து வருவதை நாங்கள் கைநீட்டி வாங்க வேண்டும். சிங்களத்திலிருந்தும் ருஷ்யனிலிருந்தும் பெயர்த்து வர வேண்டும். ஆனால் பிள்ளை தன் வீட்டை ஒரு முறையாவது எழுத்தில் காண வேண்டும். காணாத பிள்ளை தன் வாழ்க்கை எழுதத் தகாதது என்று நம்பிவிடும். அந்த நம்பிக்கையோடு வளர்ந்தால் மொழியையும் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

எங்கள் யாழ்ப்பாணத்துப் பாட்டுகளுக்கும் இது பொருந்தும். பனையும் கூழும் எனக்கு வீடு. மலையகத்தில் லயத்தில் பிறந்து, விடியற் பனியில் அம்மா கொழுந்து பறிக்கப் போவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அவை வேறொரு தேசம். கல்ஹின்னைக் கவிஞர் எம். சி. எம். சுபைர் சிறுவருக்காகப் பாடினார். மட்டக்களப்பில் மாஸ்டர் சிவலிங்கம் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். அவர் கதை சொன்னால் கையும் கண்ணும் குரலும் சேர்ந்து சொல்லும். இப்படி ஒவ்வொரு மண்ணுக்கும் ஆட்கள் வேண்டும். இன்னும் நிறைய வேண்டும்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அம்பி பப்புவா நியூகினிக்கும் பிறகு அவுஸ்திரேலியாவுக்கும் போய், 1992இல் ‘கொஞ்சும் தமிழ்’ தந்தார். ‘வெற்றிமணி’ இப்போது அதே பெயரில் ஜெர்மனியிலிருந்து வருகிறது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்தில், எரிந்து போனவை என்று நாங்கள் நினைத்திருந்த வகை ஈழத்துப் புத்தகங்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கின்றன. ரொறன்ரோவில் பிறந்த என் பேத்திக்கு ஆடிக்கூழ்ப் பாட்டைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் அழகாகப் பாடுவாள். அவளுக்கு அது ஆச்சியின் பாட்டு. அவள் மூக்கு சிவக்க இழுத்துச் செல்லும் பனிச்சறுக்கு வண்டிக்கும் ஒரு தமிழ்ப் பாட்டு வேண்டும். அதை அவளோடு பனியில் நிற்கிற யாராவதுதான் எழுத முடியும்.

இலங்கையில் தமிழ்மொழிப் பாடசாலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. புதிதாக வரும் நல்ல சிறுவர் நூலொன்றை ஒவ்வொரு பாடசாலையும் ஒரு பிரதி வாங்கினாலே, தன் சொந்தப் பணத்தில் சில நூறு பிரதி அடித்து வீட்டு மூலையில் அடுக்கி வைத்திருக்கும் ஆசிரியர் இரண்டாவது புத்தகம் எழுதுவார். ஓவியருக்கும் கூலி கொடுப்பார். மாகாணக் கல்வித் திணைக்களங்கள் செய்யக்கூடிய காரியம் இது. பழைய மாணவர் சங்கங்கள் மண்டபத்துக்கும் மதிலுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். 1935இல் ஓர் ஆசிரியர் சங்கத்தால் ஒரு புத்தகம் போட முடிந்தது. அந்தப் புத்தகத்தின் வழியில் வந்த பாட்டுகளால் எங்கள் தலைமுறை வாசகராகியது. இன்றைக்கு எங்களிடம் அவர்களை விடக் கூடுதல் வசதி இருக்கிறது; பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள்.